ஒற்றை இறக்கை

“ஒத்த றெக்கைய வச்சிக்கிட்டு எப்படிம்மா பறக்கும்?” என்றாள் விஜயலெட்சுமி அண்ணி.

“சுத்திக்கிட்டே மேல போகணும் அண்ணி. ரெண்டு தடவையும் கவுந்துருச்சு. எடை எங்கேயோ சரியில்ல.”

பெட்டியில் வந்த பாகங்களை ஒட்டித் தர்ஷிகாவே செய்த சின்ன ராக்கெட் அது; ஒரு மோட்டாரும் அதோடு ஒட்டிய ஒற்றை இறக்கையும்தான் மொத்தமும். எத்தனை முறை அளந்தும் பிழை பிடிபடவில்லை. ஒருமுறை எரிந்தால் தீர்ந்துபோகும் மருந்து மோட்டார்களில் கையில் இருந்தது கடைசி ஒன்று. இதுவும் கவிழ்ந்தால் ஹாலிஎல நகரில் அவள் படிக்கும் மாலை வகுப்பின் விஞ்ஞானக் கண்காட்சியில் அவளுக்கு இடமில்லை.

தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பயந்துகொண்டே பொத்தானை அழுத்தினாள்.

சீறிக்கொண்டு கிளம்பிய இறக்கை, சுழன்று சுழன்று நெருப்பு வளையமாகி, மரங்களைத் தாண்டிப் பனிமூட்டத்துக்குள் ஏறியது. கொழுந்து பறித்தவர்கள் கை ஓய்ந்து அண்ணாந்து நின்றார்கள். பிறகு அது மெல்லச் சுழன்று புல்லில் இறங்கியது.

“என் கணக்கு சரிதான் அண்ணி!” என்று ஓடிப்போய் எடுத்துத் திருப்பினாள். இறக்கை முனையின் அடியில் கட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

அண்ணி தயங்கினாள். “புது வண்டிக்குப் பொட்டே வைக்கலியேம்மா, அதான் கவுழுதோன்னு காலையில நான்தான் வச்சேன். கோவிச்சுக்காத, தொடச்சிடுறேன்.”

“ஐயோ அண்ணி, தொடச்சிடாதீங்க! முனையில கொறஞ்சிருந்த எடையே இந்தச் சந்தனந்தான்!”