கண்கள் மட்டும் தெரியும் தொட்டி

அண்ணனும் தங்கையும் நடத்தும் மீன்குஞ்சுப் பண்ணையில் இந்தப் பருவத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தொட்டியில் காலை வெயில் சாய்வாக இறங்குகிறது. காற்றுக்குழாய் விடாமல் குமிழ் விடுகிறது. பொரித்து ஆறு நாளாகியும் குஞ்சுகளுக்கு உடம்பு கண்ணாடிதான். தண்ணீரில் தெரிவதெல்லாம் ஆயிரக்கணக்கான கருங்கண்கள். மூன்றாம் நாளே அவற்றுக்கு வாய் திறந்துவிட்டது. அன்றைக்கு இரையாக ஊற்ற வேண்டிய பிளாங்க்டன் என்னும் நுண்ணுயிர், வளர்த்த வாளியிலேயே மொத்தமாகச் செத்துப்போனது. புதிதாக வாங்கியதை அண்ணன் இன்று விடிந்த பிறகுதான் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். பசிக்கு ஒரு கெடு உண்டு; அதைத் தாண்டிய குஞ்சுக்கு, வாய்க்கு நேரே இரை வந்தாலும் கொத்தத் தெரியாது.

"பாரு, என்னமா சுத்துதுங்க! நீதான் காலங்காத்தால மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க," என்கிறார் அண்ணன். தங்கை ஒன்பதாவது குஞ்சை நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறாள். இதயம் துடிக்கிறது. குடல் வெறும் கண்ணாடிக் குழல். பிளாங்க்டன் ஒன்று அதன் திறந்த வாயில் முட்டி, நழுவிப் போகிறது. "நீந்துதுண்ணே. தின்னல." "இன்னொன்னு பாரேம்மா." பார்க்கிறாள். பத்தாவதும் அப்படித்தான். "அப்ப காத்த நிறுத்தி, தொட்டியக் காலி பண்ணிடவா?" என்று அவர் குழாயின் திருகை எட்டிப் பிடிக்கிறார். அவருடைய நிழல் தண்ணீரில் விழுகிறது. அத்தனை கண்களும் ஒரே வீச்சில் விலகி, வெயில் இருக்கும் மூலைக்கு ஓடிச் சேர்கின்றன. அவர் கையை எடுத்துக்கொள்கிறார். "ஓடட்டும்," என்கிறார், தங்கையைப் பார்க்காமல்.