காட்டேரி கேசட்

ஓசூரில் கேசட் கடை வைத்திருந்த ரசூல், நைட் ஷிப்ட் வாட்ச்மேன் தங்கதுரை சொன்ன கதையை ஒலிப்பதிவு செய்தார். கெட்டவர்களை மட்டுமே கடிக்கும் காட்டேரியின் கதை அது.

“விஷச் சாராயம் காய்ச்சினவனைக் கடிச்சேன் பாய். எனக்கே ரெண்டு நாள் தலை சுத்துச்சு.”

“நீங்களே கடிச்ச மாதிரி சொல்றீங்களே!” ரசூல் சிரித்தார். “அப்புறம்?”

கதை முடிந்ததும் கேசட்டை ஓடவிட்டார். ரசூலின் சிரிப்பும் கேள்வியும் மட்டுமே கேட்டன. தங்கதுரையின் குரல் ஓரிடத்திலும் இல்லை.

தங்கதுரையின் முகம் வாடிப்போனது. “கண்ணாடியிலதான் தெரிய மாட்டேன்னு நெனச்சேன். இதுலயும் விழ மாட்டேனா?”

ரசூல் ஓடத்தான் எழுந்தார். அந்தச் சாராயத்தில் கண் போன பக்கத்து வீட்டுச் செல்வம் நினைவுக்கு வர, மறுபடி உட்கார்ந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“நீங்க சொல்லுங்கண்ணா, நான் பேசறேன்.”