சாம்பல் விழாத ஊர்

"இப்படிப் போட்டுக் கசக்கினா ஸ்கேன் கவரு கிழிஞ்சிடும். இங்க குடுங்க" என்று கணவர் பெரியநாயகத்தின் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள் புஷ்பமேரி.

தருமபுரியில் நெஞ்சு டாக்டரின் கிளினிக். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தும் அவர்களுக்கு முன்னால் பெரிய கூட்டம். நுரையீரலில் இருப்பது வெறும் சளிதானா, இல்லை அதற்கு மேல் ஏதாவதா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். ஜெபமாலை உருட்டியும் பெரியநாயகத்துக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

"ஒண்ணும் இருக்காதுங்க. மாதா கைவிட மாட்டாங்க" என்றாள் புஷ்பமேரி.

பக்கத்து நாற்காலிக்காரர் இருமி முடித்துவிட்டுத் திரும்பினார். பெயர் தர்மன், கிரானைட் பட்டறையில் கல் அறுத்தவர். "ஐயா எங்க வேல பாத்தீங்க?"

"அனல்மின் நிலையத்துல இன்ஜினியர். ரிட்டயர் ஆயிட்டேன்."

"அட, கரிப் புகையிலயா! அப்ப நெஞ்சு என்னாத்துக்கு ஆவும்? என்னையப் பாருங்க, கல்லுத் தூளத் தின்னே பாதி ஆளாயிட்டேன்."

பெரியநாயகத்துக்கு முகம் செத்துவிட்டது. புஷ்பமேரி சட்டென்று குறுக்கே வந்தாள். "அந்தப் புகை வராத நாள் கதையச் சொல்லுங்க. தம்பி கேக்கட்டும்."

அவளுக்குத் தெரியும், அந்தப் பேச்சை எடுத்தால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஊரே வெள்ள வெளேர்னு கெடக்கும் தம்பி. கத்திரிச் செடியில சாம்பல், மாட்டுத் தொட்டியில சாம்பல், தலைக்கு வெச்ச பூவுல சாம்பல். எங்க கோயில்ல வருசத்துக்கு ஒரு நாள்தான் நெத்தியில சாம்பல் பூசற சாம்பல் புதன். அந்த ஊருக்கு தினமும் சாம்பல் புதன்!"

தர்மன் சிரிக்கப் போய் இருமினார்.

"புகைபோக்கிக்கு முன்னால மூணு மாடி ஒசரத்துக்கு ஒரு பொட்டி நிக்கும். உள்ள தகடு தகடாத் தொங்கும். சீப்பைத் தலையில தேய்ச்சுக் காட்டினா காயிதம் ஒட்டுதில்ல, அதே சங்கதிதான். கரண்டு குடுத்தா சாம்பல் தகட்டுல ஒட்டிக்கும், காத்து மட்டும் வெளிய போவும். வெளிநாட்டுல ஜோரா வேல செஞ்ச பொட்டி. நம்ம கரியில சாம்பல் சாஸ்தி, தெணறிப் போச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, வருசக்கணக்கா அதோட மல்லுக்கட்டினேன். கரண்டை விட்டு விட்டுக் குடுத்துப் பாத்தேன். ஒட்டின சாம்பல் உதிரத் தகட்டைத் தட்டற சுத்தியலை மாத்தினேன். கரண்டு எடுக்கற யூனிட்டை நிறுத்தறப்பெல்லாம் நானே பொட்டிக்குள்ள எறங்கிடுவேன், முழங்கால் முட்டும் சாம்பல். மத்த நாள்ல சாம்பல் கொட்டற எடத்துலயே நிப்பேன். வெளிய வந்தா எங்க ஆளு அர்ச்சுனனே 'யாருய்யா நீ'ம்பான்."

"மூக்குக்கு ஒண்ணும் கட்டிக்க மாட்டீங்களா?"

"மாஸ்க் இல்லாம ஒரு நாளும் போனதில்ல. அதுல நான் கறார்."

"அப்ப எப்படிங்க..." என்று தர்மன் இழுத்தார்.

"கதைக்கு வாங்க" என்றாள் புஷ்பமேரி.

"ஆங்! ஒரு நாள் காலையில எல்லாத்தையும் மாத்தி யூனிட்டை ஓட்டறோம். அண்ணாந்து பாக்கறேன், புகைபோக்கி மேல வெறும் வானம். பெரிய அதிகாரி போன்ல கத்தறாரு, 'யாரைக் கேட்டுய்யா யூனிட்டை நிறுத்தினே?' 'ஐயா, முழு லோடுல ஓடுதுங்க'ன்னேன். நம்பணுமே! ஜீப்பெடுத்துக்கிட்டு ஓடி வந்து மீட்டரைப் பாத்த பொறவுதான் வாயை மூடினாரு."

"நானும்தான் நம்பல" என்றாள் புஷ்பமேரி. "குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்னு பாத்தா புகையக் காணோம். சரி, எல்லாம் நின்னுபோச்சு, இவரு மத்தியானமே வந்துடுவாருன்னு கோழிக் கொழம்பு வெச்சேன். இருட்டின பொறவு வந்தாரு!"

"கொழம்பா அது! ஆறிப்போயும் என்னா ருசி!" பெரியநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த வாரமே ஊர்ப் பொம்பளைங்க மொட்டை மாடியில மொளகா காய வெச்சாங்க. அதுவரைக்கும் யாரும் வெச்சதில்ல. பொறவு எங்களப் பாத்து வேற வேற ஊர்லயும் பொட்டியை மாத்தினாங்க. பெருமைக்குச் சொல்லல தம்பி, அதுக்கப்பறம் ஒருத்தர் வூட்டுக்குள்ளயும் சாம்பல் போவ நான் விடல."

"அந்தப் புண்ணியம் உங்களக் கைவிடாதுங்க" என்றார் தர்மன் மனசார.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து நடந்தார்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்வது கஷ்டம்.

டாக்டர் சசிகலா படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "புத்துநோய் இல்ல. அந்தப் பயம் வேண்டாம்."

"ஆண்டவரே!" என்று பெரியநாயகம் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆனா ரெண்டு பக்கமும் தூசு படிஞ்சு தழும்பாயிருக்கு. அதை இனிமே எடுக்க முடியாது, மேல மோசமாகாமப் பாத்துக்கலாம். கரிச் சாம்பல்ல ரொம்ப நாள் பொழங்கினவங்களுக்குத்தான் இப்படி வரும். எத்தனை வருஷம் வேலை?"

"முப்பது வருசம்ங்க டாக்டர்" என்றார் பெரியநாயகம்.

"உங்களைக் கேக்கல சார், பேஷண்டைக் கேட்டேன்" என்று டாக்டர் புஷ்பமேரியின் பக்கம் திரும்பினார்.

"நான் எங்கம்மா வேலைக்குப் போனேன்?" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள் அவள். "சாயங்காலமானா இவரு போட்டுக்கிட்டு வர்ற சட்டைய உதறி உதறித் தொவைப்பேன், அவ்வளவுதான்."