ராஜாவிடம் வந்த வழக்கு

நிலக்கோட்டைத் திருவிழாவில் சாயங்காலமே நாடகம் தொடங்கிவிட்டது. கொடுங்கோல் மன்னனை வீழ்த்தி அரியணை ஏறிய நல்ல ராஜாவாகக் கமலக்கண்ணன் மைக் முன்னால் நின்றான்.

"இனி என் நாட்டில் அநீதிக்கு இடமில்லை! குறையுள்ளவர்கள் எவராயினும் என்னிடம் முறையிடலாம்!"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து மேடையேறினாள். குஜிலியம்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்த முனீஸ்வரி அவள்.

"ராஜா, பொறந்து மூணே நாளான என் பொம்பளப் புள்ளையக் கொன்னுட்டாக. சீக்குல செத்துச்சுன்னு ஊரை நம்ப வச்சு, பொதைச்சும்புட்டாக."

இதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்றே கூட்டம் நினைத்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராஜா மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டான்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் ஆத்திரம் தாங்காமல் கத்தினார்.

"எவன் அந்தப் பாவின்னு கேளுங்க ராஜா! அவன் தலையை வாங்குங்க!"

கூட்டமே சேர்ந்து கத்தியது. கமலக்கண்ணன் அவள் பக்கம் குனிந்தான்.

"வீட்டுக்குப் போ, முனீஸ்வரி."

மெல்லத்தான் சொன்னான். ஆனால் மைக் அதை ஊருக்கே கேட்க வைத்தது. கூச்சல் சட்டென்று அடங்கியது.

முனீஸ்வரி நகரவில்லை.

"பெத்த மகளைக் கொன்ன அப்பனுக்கு என்ன தண்டனைன்னு மொதல்ல சொல்லுங்க. அப்புறமா நம்ம வீட்டுக்குப் போவோம்."