வெள்ளரிக்காய்ச் சம்பந்தி

மாப்பிள்ளையின் அப்பா தவசிமுத்து லட்டுத் தட்டைத் தொடவேயில்லை.

பெண்ணைப் பெற்ற வெள்ளத்துரைக்குத் திக்கென்றது. ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்து நாலு பேரை அதட்டுகிற மனுஷர்தான். ஆனாலும் பெண் பார்க்க வந்தவர் கை நனைக்காமல் எழுந்தால், சம்பந்தம் பிடிக்கவில்லை என்றல்லவா அர்த்தம்?

"இனிப்பு வேண்டாம்னா பழமாவது எடுத்துக்கிடுங்க" என்று மாம்பழத் தட்டை நகர்த்தினார்.

தவசிமுத்து அதையும் தொடவில்லை.

வெள்ளத்துரையின் மைத்துனன் சிவந்திக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், நீங்க முதல்ல எடுங்க. அப்பத்தானே அவங்க எடுப்பாங்க!"

நல்ல பங்கனபள்ளி. வெள்ளத்துரைக்கு நாக்கு ஊறியது. அவருக்குச் சர்க்கரை வியாதி. கால்விரல் புண் ஆறாமல் கட்டோடு நடக்கிறார். மாம்பழம், லட்டு பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். இது அவருக்கும் மனைவி இசக்கியம்மாளுக்கும் மட்டுமே தெரியும். வெளியே தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்?

ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார். கதவோரம் நின்ற இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றார் தவசிமுத்து. "எனக்குச் சர்க்கரை வியாதி. மறைச்சு சம்பந்தம் பண்ண மனசு வரலை. வெள்ளரிக்காய் இருந்தா ரெண்டு துண்டு குடுங்க. நீங்களும் அதையே எடுத்துக்கிட்டா, தனியாத் தின்னுற கூச்சம் எனக்கு இருக்காது."

சிவந்தி காதைக் கடித்தான். "வியாதிக்காரக் குடும்பம் அத்தான். நமக்கு வேண்டாம்."

"சும்மா இருடே!"

'எனக்கும்தான்' என்ற சொல் வெள்ளத்துரைக்குத் தொண்டை வரை வந்தது. வெள்ளரிக்காயோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டார்.

சம்பந்தம் முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கென்று இசக்கியம்மாள் கூடை நிறைய மாம்பழம் கொடுத்தனுப்பினாள். சம்பந்தி மறந்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டு வெள்ளத்துரை விந்தி விந்தி வாசலுக்கு ஓடினார்.

"இன்னா நைனா, சாறு சட்டையெல்லாம் ஒழுவிகினு கீது!" என்று ஜட்கா வண்டிக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வண்டிக்குள்ளே தவசிமுத்து மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தார்!

"சம்பந்தி! உங்களுக்குச் சர்க்கரை வியாதின்னு..."

தவசிமுத்து அசடு வழிந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. உங்க கால் கட்டையும், லட்டை நீங்க பார்த்த பார்வையையும் பார்த்தேன். நான் தொட்டா நீங்களும் தொடணுமே, அதான் தொடலை."

வெள்ளத்துரை குடையை நீட்டினார். அந்தக் கையைத் தவசிமுத்து பிடித்துக்கொண்டார்.

"என் சம்சாரமும் இப்படித்தான். போற வீட்டுல எல்லாம் வேண்டாம்னு சொல்லக் கூச்சப்பட்டு, தின்னு தின்னே போய்ச் சேர்ந்தா."