கைநழுவிய பிஸ்டல்

இணைய ஏலத்தில் அந்தப் பழைய ஏர் பிஸ்டலையும் வெங்கடகிருஷ்ணன் கோட்டைவிட்டார். ஒருமுறை குண்டு நிரப்பினால் அடுத்தடுத்துச் சுடலாம். அதற்காக வருடக்கணக்கில் ஏங்கியிருந்தார்.

"மறுபடியும் 'நக்கோ'தான். ஹைதராபாத் உருதுல 'வேண்டாம்'னு பேர் வெச்சிண்டு ஏலத்துல எல்லாத்தையும் வாங்கறான். அவன் அதைக் கையில பிடிச்சிருப்பான்னு நெனச்சாலே வயிறு எரியறது."

"உங்களுக்குத்தான் அலமாரி நிறைய இருக்கே," என்று மனைவி கல்பகம் ஒன்றை எடுக்கப் போனாள்.

"தொடாதே. ஸ்பிரிங் போயிடும்."

எப்போதும் சொல்வதுதான்.

மறுவாரம் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது மொட்டைமாடியில் டப், டப் என்று சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தார். சுவரில் மாட்டிய குறி அட்டையின் நடுவில் நெருக்கமாகத் துளைகள். கல்பகத்தின் கையில், ஏலத்தில் போன அதே பிஸ்டல்.

மெல்லக் கையை நீட்டினார்.

கல்பகம் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நக்கோ."