ஒரு ஸ்க்ரூ லூசு

“புது பெடலே மாட்டிடுங்க. மேடு ஏறும்போது பாதியில கால் கழண்டுக்குது!” என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார் டீச்சர்.

ஷூவின் அடியிலிருக்கும் கிளீட் என்ற கொக்கியைப் பெடலில் அழுத்தினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். அது நினைத்தபோதெல்லாம் விட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் எல்லோரும் ஏறிப் போக, டீச்சர் மட்டும் பாதியில் நிற்க வேண்டியதுதான். ஐம்பது வயதில் அவருக்கு இது முதல் மலை. அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

மெக்கானிக் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். “கிளீட் முனை தேஞ்சிருந்தா மாத்தணும். இது தேயலை.” பெடலைப் பிடித்து ஆட்டினார், சுழலவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். “ஆட்டமும் இல்லை, கரகரப்பும் இல்லை. இருந்தா பிரிச்சு கிரீஸ் வைக்கலாம். இதுல ஸ்க்ரூதான் லூசு.”

“யாருக்கு?”

“ஐயோ, பெடலுக்கு டீச்சர்! கால் சுலபமா வெளிய வரட்டும்னு யாரோ நல்லாத் தளர்த்தி விட்டிருக்காங்க.”

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் சிக்னலில் காலை எடுக்க வராமல் வண்டியோடு சாய்ந்தார். அன்றிலிருந்தே வீட்டுக்காரர் முகம் சரியில்லை.

“அவர் வேலைதான்! அக்கறை இருக்கட்டும், வேண்டாங்கலை. அதுக்காகச் சொல்லாம கொள்ளாம அடுத்தவங்க வண்டியில கை வைக்கலாமா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.”

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கினார். “தப்புதான் டீச்சர். ஆனா உங்க வீட்டு சார் சைக்கிள் பெடலும் இதே மாதிரி லூசாத்தான் இருந்துச்சு. ரெண்டு வாரம் முன்னாடி கொண்டுவந்து காட்டினாரு.”

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

“இறுக்கிட்டீங்களா?” என்று மெல்லக் கேட்டார்.

“இறுக்கத்தான் போனேன். விடலையே! ‘என் முழங்காலை நினைச்சுப் பயந்து வீட்டுல பண்ணின வேலை, அப்படியே இருக்கட்டும்’னாரு. அப்புறம், ‘இதை எந்தப் பக்கம் திருகணும்னு எனக்கும் சொல்லிக் குடுங்க, அவளும் விழுந்து எழுந்திருக்கா’ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போனாரு.”